ரின்மீன் கொண்டுவந்த தம்பிக்கு

என்ரை சூடைக்குஞ்சு,

உன்னை இப்படிக் கூப்பிட்டுப் பதினொரு வருடமாகிறது. பிறந்தபோது சூடை மீன் போல மெலிந்து மினுங்கிக்கொண்டு கிடந்தாய் என்று அம்மா வைத்த பெயர். கப்பலில் உன் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பெயர் வாயில் வருவதில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் சிரிக்காதே. கடலில் போன எங்கள் ஊர் ஆட்களை நினைத்துக் கோவிலில் ஒரு புத்தகம் போடுகிறார்கள். மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்து வந்த சனங்களிடம் வீடு வீடாகப் போய் ஒரு தாள் கொடுத்தார்கள். பெயர், வயது, பிறந்த இடம், இறந்த இடம் என்று நாலு கட்டம். அதன் கீழே, விரும்பினால் நாலு வரி. தாள் கொண்டுவந்த வாத்தியார், "நீங்கள் சொல்லுங்கோ அக்கா, நான் எழுதித் தாறன்" என்றார். நானே எழுதுகிறேன் என்று வாங்கி வைத்தேன்.

மூன்று கிழமையாகத் தாள் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பெயர் எழுதிவிட்டேன். வயது இருபத்தாறு. பிறந்த இடம் மயிலிட்டி. நாலாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. எனக்கு நாலு வரி காணாது என்று மகள் றெஜியின் பழைய கொப்பியிலிருந்து தாள் கிழித்து இதை எழுதுகிறேன். புத்தகத்துக்கு அந்தத் தாளோடு இதையும் கொடுப்பேன்.

முதலில் இங்கத்தைப் புதினம் சொல்கிறேன். நாங்கள் இப்போது கொக்குவிலில், ரெயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு வீட்டின் பின்னறையில் இருக்கிறோம். ரெயில் இல்லை. தண்டவாளத்தையும் பங்கருக்கென்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், ஊரில் நாங்கள் குடித்ததை விட நல்லது. கடல் சத்தம் கேட்காமல் முதல் வருடம் எனக்கு நித்திரை வரவில்லை. இப்போது வருகிறது.

உன் அத்தான் விடிய எழும்பி அரியாலைக்குச் சைக்கிள் மிதிக்கிறார். அங்கே கடல்நீர்க் களப்பில் ஒருவரோடு சேர்ந்து இறால் பிடிக்கிறார். முழங்காலளவு தண்ணீர். "குளிக்கவும் காணாது, இதுக்குள்ளை என்ன தொழில்" என்று பேசிக்கொண்டே போவார். பெரிய கடலுக்கு இப்போது ஒருவரும் போக முடியாது, நேவி விடாது.

அம்மா போன வருடம் ஆவணியில் செத்துப்போனா. சலரோகம். கடைசி நாளும் உன்னைத்தான் கேட்டா. நீ அங்கே அம்மாவைக் கண்டாயா?

உன் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது எண்பத்துமூன்று கலவரத்துக்கு முந்திய பங்குனியில். மூன்று வருடம் எந்தெந்த நாட்டுத் துறைமுகமெல்லாமோ சுற்றிவிட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது போல இருந்தது எங்களுக்கு. சாமான் இறக்க மூன்று நாள் நிற்கும், அதில் கடைசி ஒரு நாள்தான் உனக்கு லீவு, பொழுதுபடக் கப்பலில் நிற்கவேணும் என்றாய். காலையில் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது தோளில் ஒரு பை. எனக்கு ஒரு நைலெக்ஸ் சேலை, றெஜிக்கு ஒரு பொம்மை, அம்மாவுக்குத் தகரத்தில் அடைத்த ஆறு ரின்மீன்.

அம்மா ரின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"மீன்காரன் வீட்டுக்கு ரின்மீன் கொண்டந்த முதல் ஆள் நீதான் மோனை. ஊருக்குள்ளை காட்டிப்போடாதை."

"அது யப்பான் மீன் அம்மா. நாலு நாடு பாத்த மீன். உங்கடை மீன் பருத்தித்துறை தாண்டியிருக்குமோ?"

அந்த ஒரு நாளை என்ன செய்வது என்பதுதான் அன்றைக்கு வீட்டில் சண்டை. அம்மாவுக்கு நேர்த்திக்கடன் இருந்தது, உன்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போய் ஆளளவு மெழுகுதிரி கொளுத்தவேணும். அரியாலை மாமி உனக்கென்று ஒரு பெண் பார்த்து வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டா. "பெட்டை பச்சைச் சீலை உடுத்துக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கும். வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடி. அவ்வளவுதான். ஆளைப் பிடிச்சு அடைக்க மாட்டினம்." அத்தான் ரவுணில் புதுப்படம் ஓடுகிறது என்றார்.

நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். "அக்கா, நீ சொல்லு. நீ சொன்னா ஒருத்தரும் மறுகதை கதைக்கமாட்டினம்."

"உனக்கு என்னடா ஆசை?"

"சொன்னாச் சிரிப்பியள். மூண்டு வரியம் கடல்லை நிண்டன். ஒரு மீன் பிடிக்கேல்லை. கப்பல்லை தூண்டிலை வெளியிலை எடுத்தாக் கப்ரின் கத்துவான்."

"அப்ப கடலுக்குத்தான். எல்லாருமாப் போவம்" என்றேன்.

சொன்னது நான். இதை ஒரு இடத்தில் எழுதி வைக்கவேணும் என்று இருந்தது, எழுதிவிட்டேன்.

மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஓமடி, கடல்லையிருந்து வந்தவனைக் கடலுக்கே கூட்டிக்கொண்டு போ. உன்னைப்போல மூளைசாலியை நான் காணேல்லை" என்றா. எல்லோரும் சிரித்தோம். மாமி கோபித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டா. அந்தப் பச்சைச் சேலைப் பிள்ளை இப்போது கனடாவில், இரண்டு பிள்ளைகளாம். மாமி சொன்னா. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொழிலுக்குப் போகும் வள்ளத்தில் எங்கள் ஊரில் பெண்கள் ஏறுவதில்லை. அம்மா ஒரு காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு யோசித்தா. "இது தொழில் இல்லை அம்மா, விளையாட்டு" என்று சொல்லி நீ அவவைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி உள்ளே இருத்தினாய். ஐயா செத்த பிறகு அவருடைய வள்ளத்தில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தது அன்றைக்குத்தான். நீ, நான், அம்மா, அத்தான், ஆறு வயது றெஜி.

மேற்கே போனோம். தூரத்தில் உன் கப்பலைக் காட்டினாய். "அந்தா, அந்த மஞ்சள் குழாய்க்குக் கீழைதான் என்ரை படுக்கை." றெஜி கை காட்டினாள். அங்கிருந்து ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு தூண்டில் போட்டோம். அத்தானுக்கு இரண்டு விளைமீன். எனக்கு ஒன்று. அம்மா தன் சீவியத்தில் முதல் தடவையாக ஒரு மீன் பிடித்துவிட்டு, அதைப் பார்த்துப் பயந்து நூலை விட்டுவிட்டா, அத்தான்தான் எட்டிப் பிடித்தார். றெஜிக்கும் விரல் நீளத்தில் ஒன்று.

உனக்குப் பாசி. திரும்பப் போட்டாய், இரையைக் காணவில்லை. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. "இஞ்சத்தை மீனுக்கு என்னை மறந்துபோச்சு" என்றாய். உன் முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. நான் கண்டேன்.

மீன் பிடிக்காதவன் மீன் வெட்டவேணும். அது ஐயா காலத்திலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம். மூன்று மணியளவில் கரைக்கு வந்து எல்லோரும் இறங்கியதும் நான் கத்தியை எடுத்து உன் கையில் தந்தேன்.

"இந்தா, வெட்டு. கப்பல்காரருக்கு மீன் ரின்னுக்குள்ளைதான் பிடிபடும்."

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே கத்தியைத் திருப்பித் தந்தாய்.

"பொறு அக்கா. கத்தியைக் கழுவி வை. ஒண்டைப் பிடிச்சுக் கொண்டந்து உன்ரை வாயை அடைக்கிறன்."

அத்தான், "நில்லு, நானும் வாறன்" என்றார்.

"வேண்டாம் அத்தான். நீங்கள் வந்தா, நீங்கள்தான் பிடிச்சுத் தந்தனீங்கள் எண்டு இவள் ஊரெல்லாம் சொல்லுவாள். ஒரு மணித்தியாலம். போட்டு வாறன்."

வள்ளத்தைத் தள்ளி ஏறினாய். றெஜி என் பக்கத்தில் நின்றாள். "மாமா, எங்கை" என்று தொடங்கினாள். நான் அவள் வாயைப் பொத்திவிட்டேன்.

வாசிக்கிறவர்களில் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். கடலுக்கு வெளிக்கிடுகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. அவன் போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது. அம்மா ஐயாவிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் அத்தானிடம் கேட்டதில்லை. பிள்ளைக்கு அது தெரியாது, நான்தான் பழக்கவேணும். ஒரு கையால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையில் கத்தியோடு, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

நாலு மணிக்கு வரவில்லை. ஐந்து மணிக்கு அம்மா உன் சட்டையை மடித்து வைத்துவிட்டுக் கரைக்குப் போனா. ஆறு மணிக்குச் சனம் கூடிவிட்டது.

சவிரி அண்ணையை உனக்கு நினைவிருக்கும். கரையில் எங்கள் மீன்வாடிக்குப் பக்கத்து வாடிக்காரர், ஐயாவின் கூட்டாளி. அவர்தான் ஆட்களைச் சேர்த்து நாலு வள்ளம் இறக்கினார். தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "எந்தப் பக்கம் போனவன் பிள்ளை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தா. எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேற்கேதான் உன் கப்பல் நின்றது. மேற்கேதான் காலையில் மீன் பட்டது. என் கை தானாக எழும்பியது.

"மேற்கை அண்ணை."

றெஜி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா நில்" என்றேன்.

நாலு வள்ளமும் மேற்கே போயின. அடுத்த நாள் ஏழு வள்ளம், அதுவும் மேற்கே. அன்றைக்குப் பத்து மணியளவில் உன் கப்பல் ஊதியது மயிலிட்டிக்குக் கேட்டது. நீ இல்லாமல் போய்விட்டது. மூன்றாம் நாள் ஐயாவின் வள்ளம் கிழக்கே, தொண்டைமானாற்றுப் பக்கம், கரையிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் மிதந்தது என்று ஆள் வந்து சொன்னான். உள்ளே நீ இல்லை. தூண்டில் நூல் ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தது. இரைப் பேணி மூடியிருந்தது. மீன் இல்லை.

என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. காற்று இல்லை அன்றைக்கு. சவிரி அண்ணை, மேற்கே இருந்து நீரோட்டத்தில் இழுபட்டு வந்திருக்கிறது என்றார். மற்றவர்களும் அப்படித்தான் என்றார்கள். ஊருக்குள் சிலர், பெண்கள் ஏறிய வள்ளம், அதுதான் என்று கதைத்தார்கள். அம்மா அதை நம்பி, வருடக்கணக்காகத் தன்னைத்தானே ஏசிக்கொண்டா. நான் பக்கத்தில் இருந்து சோறு குழைத்துக் கொடுத்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து உன் பெட்டியைக் கப்பல் கொம்பனி ஆள் ஒருவர் கொண்டுவந்து தந்தார். மூன்று சட்டை, ஒரு சவர மிசின், செபமாலை. அடியில் தூண்டிலுக்கான புதுத் தங்கூசி நூல் ஒரு சுருள், சுற்றிய கடதாசி கூடப் பிரிக்கவில்லை. எந்த ஊரிலோ வாங்கி வைத்திருக்கிறாய்.

தொண்ணூறாம் ஆண்டு ஷெல் விழுந்து ஊரே எழும்பி ஓடியபோது, நான் அடையாள அட்டைகளையும் உன் நூல் சுருளையும் ஆறு ரின்மீனையும் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. அதுவரை அம்மா ரின்னைத் தொட விடவில்லை. இரண்டாம் நாள், ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், றெஜி பசி என்றாள். அம்மா தானே கத்தியால் ஒரு ரின்னை வெட்டினா. மணந்து பார்த்தா. சரி என்றா. பிறகு மற்ற ஐந்தையும் வெட்டச் சொன்னா. பக்கத்தில் இருந்த குடும்பங்களுக்கும் கொடுத்தோம். ருசியாக இருந்தது, சூடை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சவிரி அண்ணையும் இங்கேதான், எங்களுக்கு நாலு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். ஒரு கண் தெரியாது. ஒவ்வொரு கார்த்திகையும், செத்த ஆத்துமாக்களின் நாளில், கோவில் வளவில் நாங்கள் உனக்கு வெறும் மண்ணில் ஒரு மெழுகுதிரி வைப்போம். அவர் வந்து பக்கத்தில் நிற்பார். ஒவ்வொரு வருடமும் ஒரே கதைதான். "நான் வடிவாத் தேடேல்லை பிள்ளை. மேற்கை இன்னும் கொஞ்சம் வெளியாலை போயிருக்கவேணும். போயிருந்தா ஆளை எடுத்திருக்கலாம்."

நான், "ஓம் அண்ணை" என்பேன். பதினொரு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

போன மாதம் றெஜி கொழும்புக்கு வெளிக்கிட்டாள். கன்னியாஸ்திரிகள் தாதிப் படிப்புக்கு எடுத்திருக்கிறார்கள். இங்கிருந்து இப்போது தரையால் பாதை இல்லை, கிளாலிக்குப் போய் அங்கிருந்து களப்பை வள்ளத்தில் தாண்டவேணும். தாண்டும்போது நேவி என்னென்ன செய்தது என்று எல்லோரும் கதைப்பார்கள். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்ட பிறகு நான் அவளுடைய உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒண்டும் கேக்கமாட்டியளோ? எதாலை போறன், ஆரோடை போறன், எங்கை தங்குறன்?"

"வெளிக்கிடேக்கை கேக்கக்கூடாது."

அவள் பாயில் இருந்தாள்.

"மாமா கிழக்காலைதான் போனவர் அம்மா."

நான் மடித்த சட்டையைப் பிரித்துத் திரும்ப மடித்தேன்.

"நான் பாத்தனான். முதல் நேராப் போனவர், பிறகு கிழக்காலை திருப்பினவர். திரும்பி எனக்குக் கை காட்டினவர்."

"ஏனடி பிள்ளை அப்ப சொல்லேல்லை?"

"நீங்கள்தானே வாயைப் பொத்தினனீங்கள். பிறகு சொல்ல வரவும் சும்மா நில் எண்டனீங்கள். நான் ஏதோ கேக்கக்கூடாததைக் கேட்டதாலைதான் மாமா வரேல்லை எண்டு நினைச்சன். கன காலம் அப்பிடித்தான் நினைச்சன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. அத்தானின் சைக்கிள் வாசலில் நின்றது. காகம் ஒன்று சட்டிக்குக் கிட்ட வந்தது, துரத்தினேன்.

பிறகு கேட்டேன். "எங்கை போறாய் பிள்ளை?"

அவள் சொன்னாள். கிளாலி. அங்கிருந்து அக்கரை. பிறகு வவுனியா. பிறகு கொழும்பில் மடம் இருக்கும் தெருவின் பெயர். எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்ல வைத்தேன். அத்தான் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனபோது ஒழுங்கை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை, சூடை. சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று போன கிழமை கடிதம் வந்திருக்கிறது. கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கு இப்போது விளங்காதது ஒன்றுதான். கப்பல் மேற்கே நின்றது. மீன் மேற்கே பட்டது. நீ ஏன் கிழக்கே திருப்பினாய்? ஐயா உன்னைச் சின்னனில் கூட்டிக்கொண்டு போன, மீன் தங்கும் கற்பார் ஏதாவது அந்தப் பக்கம் இருந்ததா? அதை நீ ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாயா? வள்ளம் கிழக்கே கிடந்தது. அங்கே அன்றைக்கே தேடியிருந்தால் நீ தண்ணீரில் நீந்திக்கொண்டு நின்றிருப்பாயா? எத்தனை மணித்தியாலம் நின்றிருப்பாய்?

சவிரி அண்ணை, இது உங்களுக்கு. உங்களுக்கு வாசிக்கத் தெரியாது, உங்கள் மகள் வாசித்துக் காட்டுவாள். நீங்கள் வடிவாகத்தான் தேடினீர்கள். நான்தான் பார்க்காத திசையைக் காட்டினேன். உங்களோடு வள்ளம் இறக்கிய எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன். பெண்கள் ஏறியதால் ஒன்றும் வரவில்லை. என் அம்மா உயிரோடு இருந்தபோது இதைச் சொல்லாமல் விட்டேன். அதை இனி ஒன்றும் செய்ய முடியாது.

சூடை, நாலாவது கட்டத்தில் "மயிலிட்டிக்குக் கிழக்கே, கடல்" என்று எழுதிவிட்டேன். இனி ஒருவரின் வாயையும் பொத்தமாட்டேன். எங்களை ஊருக்குப் போக விடுகிற நாளில், வீடு இருக்கிறதா என்று பார்க்க முதல், கரைக்கு வந்து கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்பேன். பொழுதுபடும்வரை நிற்பேன். உன் தங்கூசி நூலையும் கொண்டுவருவேன், அது இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

கத்தியைக் கழுவி வைத்திருக்கும்
உன் அக்கா

அன்றைக்குக் கேட்காததை இதிலே கேட்டுவிடுகிறேன்.

சூடை, எங்கையடா போறாய்?